குத்தாமல் போனவன்

குட்மேய்ஸ்
22.07.2025

கிருஷ்ணராசா,

‘அன்புள்ள’ என்று போடக் கை வரவில்லை. வெறும் பெயரோடு தொடங்குகிறேன். சுகம் விசாரிக்கவும் போவதில்லை. சுகமில்லாமல் கிடப்பவன் நான்தான்.

உன் போன் நிற்பாட்டிக் கிடக்கிறது. வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டாய். நேற்று பிளேஸ்டோவுக்கு வந்து உன் வீட்டுக் கதவைத் தட்டினேன். உன் மனைவி வசந்தமலர் பாதிக் கதவைத் திறந்து, “அவர் ஷிப்டுக்குப் போயிட்டார் அண்ணை” என்றாள். அவளுக்குப் பின்னால் குசினிக்குள் நீ இருமியது எனக்குக் கேட்டது. ஒன்பது வருஷமாக என் வலது காதுக்குப் பக்கத்தில் இருமுகிறவனின் இருமல் எனக்குத் தெரியாதா? இந்த வயதில் என்னைக் கடிதம் எழுதி, முத்திரை வாங்கி ஒட்ட வைத்துவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை நீ செய்தது என்னவென்று உனக்கு விளங்குகிறதா? விளங்காவிட்டால் சொல்கிறேன், வாசி.

கோடை விழா. மைதானம் நிறையத் தமிழ்ச் சனம். முன்வரிசையில் தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எங்கள் காகக்கொடிப் படைக்கு முதல் தடவையாக நடு மைதானத்தை விட்டுக்கொடுத்திருந்தார்கள். பழைய வைக்கிங் சண்டைகளை நடித்துக் காட்டும் வெள்ளைக்காரரின் கூட்டத்தில் நீயும் நானும் போய்ச் சேர்ந்தபோது ஊரே சிரித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். என் வீட்டுக்காரி கொடியிலிருந்த காகத்தைப் பார்த்து, “இதுக்கும் சோறு வைக்கட்டோ?” என்று கேட்டாள். அங்கே இரண்டு பேராக நின்ற நாங்கள் இன்று இருபது பேர், எங்களுக்கென்று தனிப் படை. அந்தச் சிரிப்புக்கெல்லாம் பதில் சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே நாள் அது.

கதை உனக்குத் தெரியும். தலைவன் சிகுர்ட் நான். அவன் உயிராக நம்பும் வீரன் தோர்கில் நீ. போர் வென்றபின் நான் கைகளை விரித்து வானத்தைப் பார்த்து நிற்பேன். நீ பின்னாலிருந்து வந்து என் கக்கத்துக்குக் கீழே வாளைச் செருகவேண்டும். நான் விழுவேன். மற்றவர்கள் உன்னைப் பிடித்துக் கம்பத்தில் கட்டுவார்கள். அவ்வளவுதான்.

நான் நின்றேன். கைகளை விரித்துக்கொண்டு நின்றேன். எங்கள் படைப் பொடியன் யனுஷன் மைக்கில், “இதோ, துரோகி வருகிறான்!” என்றான். பிள்ளைகள் கத்தினார்கள். நான் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். யனுஷன் திரும்பவும் சொன்னான். மூன்றாம் தடவை அவன் சொன்னபோது அவனுடைய குரலிலேயே நம்பிக்கை இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன். உன் கேடயம் புல்லில் கிடந்தது. நீ இரும்புச் சட்டையும் தலைக்கவசமுமாக ஐஸ்கிறீம் வண்டியைத் தாண்டி ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாய். 86ஆம் நம்பர் பஸ்ஸில் நீ கவசத்தோடு உட்கார்ந்திருந்த படத்தை யாரோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். வேலைக்குப் பஸ் ஓட்டுகிறவன் பஸ்ஸிலேயே ஓடித் தப்பினான் என்று பகிடி வேறு.

சனம் சிரித்ததடா. முதுகில் குத்துப்பட்டு விழுந்திருந்தால் நான் தலைவன். குத்த ஆளில்லாமல் கையை விரித்து நின்றபடியால் கோமாளி. என்னை எத்தனை பேர் எத்தனை விதமாக அவமானப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் நான் முதுகை நம்பிக் கொடுத்த ஒருவன் இப்படிச் செய்தது இதுதான் முதல்.

கமிட்டி வருகிற பத்தாம் திகதி கூடுகிறது. கை தூக்கிச் சொல்லாமல் களத்தை விட்டுப் போனவனைப் படையில் வைத்திருக்க முடியாது என்பது விதி. அதற்கு முன் எனக்குக் காரணம் வேண்டும்.

பாலேந்திரா


பிளேஸ்டோ
27.07.2025

பாலேந்திரா அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. இருமியது நான்தான்.

நான் சொல்லாமல் போகவில்லை. போவதற்கு முன் இரண்டு தடவை சொன்னேன். மே மாதம் உங்கள் கராஜில் வாள்களுக்கு எண்ணெய் பூசும்போது, “அண்ணை, அந்த வேஷத்தை வேறை ஆருக்கும் குடுங்கோ” என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். “முதுகில வாள் வைக்க விடுறதெண்டால் உன்னை விட்டால் எனக்கு ஆரடா இருக்கினம்?” என்றீர்கள். அது பெரிய வார்த்தை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஜூனில் திரும்பவும் கேட்டேன். குத்துகிறேன், ஆனால் அந்தக் கம்பமும் நெஞ்சில் மாட்டும் பலகையும் வேண்டாம் என்று சொன்னேன். “சனத்துக்கு அதுதானடா பிடிக்கும்” என்று சொல்லிவிட்டு, அந்தப் பலகையை எடுத்துவர என்னையே அனுப்பினீர்கள். அப்டன் பார்க்கில் போர்டு எழுதும் கடைக்காரன் சிவப்பு மையில் ‘துரோகி’ என்று எழுதி வைத்திருந்தான். அழகான எழுத்து. காரில் எழுத்துப் பக்கத்தைக் கீழே போட்டு, அதற்கு மேல் என் ஜக்கெட்டையும் போட்டு மூடிக் கொண்டுவந்தேன். நீங்கள் ஜக்கெட்டை எடுத்து எறிந்துவிட்டு, “ஆகா, நல்ல வடிவாயிருக்கு” என்றீர்கள். ஏன் மூடியிருந்தேன் என்று கேட்கவில்லை.

கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காத காரணத்தை இப்போது கமிட்டிக்காகக் கேட்கிறீர்கள். சொல்லமாட்டேன். பெயரை வெட்டுவதென்றால் வெட்டுங்கள்.

கிருஷ்ணராசா


குட்மேய்ஸ்
01.08.2025

கிருஷ்ணராசா,

இதற்குப் பெயர் பதிலா? பலகையும் ஜக்கெட்டும்! ஒரு பலகைக்காக ஒரு மனிதனை நடு மைதானத்தில் விட்டுவிட்டுப் போவார்களா? வேஷம் பிடிக்கவில்லை என்றால் சட்டையைப் பிடித்து உலுக்கிச் சொல்லவேண்டும். நீ சொன்னது உப்புக் குறைவு என்று சொல்வதுபோல. நான் எப்படி விளங்கிக்கொள்வது?

கேடய வரிசை என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், கோபம் விடுகுதில்லை. கேடயம் இடது கையில். அது பிடித்திருப்பவனுக்குப் பாதி, அவனுக்கு இடப்பக்கம் நிற்பவனுக்குப் பாதி. என் வலது பக்கத்தை நான் காப்பாற்ற முடியாது. அதை நீ காப்பாற்றவேண்டும். இத்தனை வருஷமும் என் வலது தோளில் ஒரு அடி விழவில்லை. கோல்செஸ்டர் ஆட்டத்தில் எதிர்ப்படை ராட்சதன் ஒருவன் கோடரியை இறக்கியபோது உன் கேடயம் இரண்டாகப் பிளந்தது, நீ அசையவில்லை. அன்று இரவு என் வீட்டுக்காரியிடம் சொன்னேன், கூடப்பிறந்த தம்பி எனக்கு இல்லை, அந்தக் குறை இனி இல்லை என்று.

அப்படிப்பட்டவன் போனால் சனம் என்ன சொல்லும்? பார்க்கிங் ஊர்ச் சண்டைப் படைக்காரர் உன்னைத் தங்கள் பக்கம் இழுத்துவிட்டார்கள் என்கிறார்கள். அவர்களுடைய மைதானத்தில் உன்னைக் கண்டதாக ஒருவர் சத்தியம் பண்ணுகிறார். நான் நம்பவில்லை என்று எழுதத்தான் ஆசை. எழுத முடியவில்லை.

நேற்று வாட்ஸ்அப் குழுவில் எழுதாமல் வாயாலேயே பேசிப் பதிந்து போட்டேன். ஒன்பது வருஷமாக என் பக்கத்தில் ஒரு துரோகி நின்றிருக்கிறான், எனக்குத்தான் கண் தெரியவில்லை என்று. எழுதினால் மழுப்பியிருப்பேன். பேசியபடியால் உள்ளதைச் சொன்னேன். திருப்பி எடுக்கமாட்டேன்.

பாலேந்திரா

பி.கு: வசந்தமலரிடம் கோபம் இல்லை. பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை, நீதான் பழக்கியிருக்கிறாய்.


பிளேஸ்டோ
06.08.2025

பாலேந்திரா அண்ணை,

உங்கள் குரல் வந்து சேர்ந்தது. நான் குழுவில் இல்லாவிட்டால் என்ன, சனம் அனுப்பிவைக்கும். முதலில் என் மகள் ஜதுர்ஷிகாவுக்கு வந்தது. சாப்பாட்டு மேசையில் போனை வைத்துப் போட்டுக் காட்டினாள். “அப்பா, பாலா அங்கிள் ஏன் உங்களை அப்பிடிச் சொல்றார்? நீங்கள் என்ன செய்தனீங்கள்?” என்று கேட்டாள்.

அண்ணை, அந்தச் சொல் என் வீட்டுக்குள் வராமல் இருக்கத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். ஷெல்லுக்குப் பயந்து வந்தவன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படியே சொன்னேன். என் அண்ணன் வாசுதேவனும் ஷெல் விழுந்து செத்ததாகத்தான் சொன்னேன். அவன் ஷெல்லில் சாகவில்லை.

எனக்குப் பதினாலு வயது, அவனுக்கு இருபத்திரண்டு. கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்கும் வேலை. ஒரு பின்னேரம் இரண்டு பேர் சைக்கிளில் வந்து கூப்பிட்டார்கள். கட்டியிருந்த சாரத்தோடு போனான். எந்த இயக்கம் என்று எழுதமாட்டேன். அந்தக் காலத்தில் இயக்கங்கள் பல. ஒன்றின் பெயரை எழுதினால் நீங்கள் அந்த இயக்கத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவீர்கள். என் அண்ணனைப் பற்றிக் கதைக்கமாட்டீர்கள்.

அடுத்த நாள் விடிய அவனைச் சந்தியில் லைட் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். நெஞ்சில் பால்மாப் பெட்டி மட்டை. அதில் அதே சொல். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. நான் முதல் சொல்லோடு நிறுத்திவிட்டேன்.

சனம் வேலைக்குப் போனது. பள்ளிக்கூடப் பெடியள் போனார்கள். எனக்குக் கணக்குப் படிப்பிக்கிற மாஸ்டர் சைக்கிளில் வந்தார். என்னைப் பார்த்தார். போனார். மத்தியானம்வரை இறக்க விடவில்லை. பிறகு அப்பாவும் நானும் இறக்கித் தள்ளுவண்டிலில் ஏற்றினோம். செத்த ஆளைத் தூக்க இரண்டு பேர் காணாது அண்ணை. அதிலும் ஒருவன் பொடியன்.

அம்மா முற்றத்தில் கதிரை போட்டா. பாய் விரித்தா. பெரிய கேத்திலில் தண்ணி கொதிக்க வைத்தா. ஒருவரும் வரவில்லை. ஐயர் வரவில்லை. பறை அடிக்க ஆள் வரவில்லை. ஒரே கிணற்றில் எங்களோடு தண்ணி அள்ளிய பக்கத்து வீட்டுக்காரர் படலையைச் சாத்தினார்கள். அம்மாவின் கூடப்பிறந்த தம்பி வரவில்லை. பொழுது படக் கதிரைகளை உள்ளே எடுக்கப் போனேன். அம்மா விடவில்லை. “ஆரும் வந்தால் எங்க இருக்கிறது?” என்றா. அவை மழையில் நனைந்தன.

அவன் செய்தானா இல்லையா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. என்ன செய்தான் என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவும் இல்லை. செய்தான் என்றே வையுங்கள். அம்மா என்ன பிழை செய்தா? அவவுக்குப் பக்கத்தில் வந்து இருக்க ஊரில் ஒரு மனிசி இல்லையா? இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நீங்கள் மைதானத்தில் கம்பம் நட்டீர்கள். அந்தச் சொல்லை எழுதி என் காரில் ஏற்றினீர்கள். உங்களைக் குத்த எனக்குக் கை வராமல் இல்லை. நன்றாகக் குத்தியிருப்பேன். குத்தியபிறகு என்னை அதில் கட்டுவார்கள் என்பதும் தெரிந்துதான் வந்தேன், நடிப்புத்தானே என்று. பிறகு பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கத்தினார்கள். சந்தோஷமாகக் கத்தினார்கள். பிள்ளைகளில் பிழை இல்லை. அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது யார்?

நான் பார்க்கிங் படையில் சேரவில்லை. அந்த மைதானத்தில் கண்டவருக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்.

கிருஷ்ணராசா


குட்மேய்ஸ்
13.08.2025

தம்பி கிருஷ்ணராசா,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. வீட்டுக்காரி டொக்டரிடம் போகச் சொன்னாள்.

எனக்குத் தெரியாதடா. அந்த வருஷம் நான் இங்கே ஒரு ரெஸ்டோறண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஊரில் கம்பத்தில் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். நாங்கள் ஒரு அறையில் ஏழு பேர் படுத்திருந்து அதைக் கதைப்போம். யாருடைய தம்பி, யாருடைய மகன் என்று எங்களுக்குப் பெயர் இல்லை. எல்லாம் செய்திதான். அதனால்தான் அந்தச் சொல் எனக்கு மைக்கில் சொல்கிற சொல்லாகப் போய்விட்டது போலிருக்கிறது. நாடகச் சொல். வில்லனுக்குச் சொல்கிற சொல். எனக்கு அதில் ஒரு மனிதனும் தொங்கவில்லை.

ஆனால் என் கோபம் எல்லாம் போய்விட்டது என்று நினைக்காதே. நான் உன்னை ஒன்று கேட்கவேண்டும். ஒன்பது வருஷம். எத்தனை தடவை ஒரே கூடாரத்தில் படுத்திருக்கிறோம்? என் பிரஷர் குளிசை எந்த நேரம் என்று உனக்குத் தெரியும். என் மகன் என்னோடு கதைப்பதில்லை என்பது உன் ஒருவனுக்குத்தான் தெரியும். நீ என்னிடம் ஷெல் என்று சொன்னாய். நான் அதை நம்பி, வருஷா வருஷம் கோயில் பூசையில் செத்தவர்களின் பெயர் வாசிக்கும்போது, ‘ஷெல் வீச்சில் பலியான வாசுதேவன்’ என்று என் வாயால் வாசித்தேன். நீ முன்னால் கைகூப்பி நின்றாய். நான் உனக்கு முதுகைக் காட்டினேன். நீ எனக்கு முகத்தையே காட்டவில்லை. இது மட்டும் சரியா?

எழுதிவிட்டுத் திரும்ப யோசித்தேன். என் அம்மாவும் உங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்தான். அன்றைக்கு அவ அங்கே இருந்திருந்தால் உங்கள் வீட்டுக்குப் போயிருப்பாவா? போயிருக்கமாட்டா. நானும் போயிருக்கமாட்டேன். படலையைச் சாத்தியிருப்பேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ அதைத் தெரிந்துதான் என்னிடம் சொல்லாமல் இருந்தாயோ என்றும் யோசிக்கிறேன்.

பத்தாம் திகதி கமிட்டியில் உன் பெயரை வெட்டச் சொல்லி நின்றார்கள். நான் விடவில்லை. ஏன் என்று கேட்டார்கள். அது என்னுடைய கதை இல்லை, சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். பாலேந்திரா வாயை மூடியதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள்.

ஒரு யோசனை. ஒக்டோபரில் அடுத்த ஆட்டம் இருக்கிறது. பலகை இல்லை, கம்பம் இல்லை. நீ தலைவன் சிகுர்ட். நான் தோர்கில். நான் உன்னைக் குத்துகிறேன், சனம் எனக்குக் கத்தட்டும். சம்மதமா?

பாலேந்திரா


பிளேஸ்டோ
18.08.2025

பாலேந்திரா அண்ணை,

தலைவன் வேஷம் வேண்டாம்.

உங்களுக்கு எதைக் கொடுத்தாலும் அதை ஒரு ஆட்டமாக்கிவிடுவீர்கள். நான் என் அண்ணனைப் பற்றி எழுதினேன். நீங்கள் ஒக்டோபர் மாதத்துக்கு வேஷம் பங்கு பிரிக்கிறீர்கள். கோபத்தில் கடிதத்தைக் கசக்கினேன். வசந்தமலர் எடுத்து நீவி வைத்தாள்.

முகம் காட்டவில்லை என்று எழுதினீர்கள். உண்மை. காட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் நீங்களே அடுத்த பந்தியில் எழுதிவிட்டீர்கள். நான் வந்த புதிதில் ஈஸ்ட்ஹாமில் ஒரு வீட்டில் இருந்தேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் என்னை அடையாளம் கண்டார். அடுத்த கிழமை எனக்கு அறை இல்லை. ஒன்றும் பேசவில்லை, பூட்டை மாற்றினார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஷெல் என்று சொல்லப் பழகினேன். இரும்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெள்ளைக்காரரின் வயலில் நிற்கும்போதுதான் நான் எந்த ஊர், யாருடைய தம்பி என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அதற்காகத்தான் உங்களோடு வந்தேன். நீங்கள் அங்கேயும் தமிழ்ச் சனத்தைக் கூட்டி மைக் பூட்டிவிட்டீர்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். எந்தக் குழுவில் அந்தச் சொல்லைச் சொன்னீர்களோ அதே குழுவில், அதே மாதிரி வாயால், அதைத் திருப்பி எடுங்கள். மழுப்பவேண்டாம். ‘குடும்பக் காரணம்’ என்று சொல்லவேண்டாம். ஏன் போனேன் என்று சொல்லுங்கள். வாசுதேவன் எப்படிச் செத்தான் என்று அவன் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள். ஜதுர்ஷிகாவுக்கு நான் சொல்லிவிட்டேன். அவள் என்னைக் கேட்டது, “பெரியப்பாவின்ர படம் இருக்கோ?” என்று மட்டும்தான். இத்தனை காலமும் அவனை ஒளித்து வைத்தது நான்தான், அவளிடமிருந்து. இனி மாட்டேன்.

சொல்லிவிட்டு என் பெயரை வெட்டினாலும் பரவாயில்லை. சொல்லாமல் வைத்திருந்தால் நான் வரமாட்டேன்.

கிருஷ்ணராசா


குட்மேய்ஸ்
27.08.2025

அன்புள்ள கிருஷ்ணராசா,

சொல்லிவிட்டேன்.

மேடை கிடைத்தால் இறங்கமாட்டேன் என்று எல்லாரும் என்னைப் பகிடி பண்ணுவார்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு கராஜுக்குள் நின்றேன், வாய் வரவில்லை. பேசுவேன், அழிப்பேன். ஒரு தடவை பேசிப் பார்த்தால் மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. எனக்கே அருவருப்பாக இருந்தது, அழித்தேன். கடைசியில் அனுப்பியதில் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கிடக்கிறது. இருக்கட்டும். உன்னைத் துரோகி என்று சொன்ன வாய் பிழை செய்த வாய் என்று சொன்னேன். வாசுதேவன் என்ற பெயரைச் சொன்னேன். கம்பத்தைச் சொன்னேன். உங்கள் வீட்டுக்கு ஒருவரும் வராததைச் சொன்னேன்.

இரண்டு பேர் குழுவை விட்டுப் போனார்கள். ஒருவர் போன் எடுத்து, “இதெல்லாத்தையும் ஏன் இப்ப கிளறுறியள்? காரணமில்லாமல் அவங்கள் செய்திருப்பாங்களோ?” என்றார். எனக்கு வந்த கோபத்தில் வாள் கையில் இல்லாதது அவருடைய அதிர்ஷ்டம். “காரணம் இருந்தாலும் இல்லாட்டியும் செத்தவீட்டுக்கு வாறதுக்கு என்ன தடை?” என்று கேட்டேன். அவர் போனை வைத்தார். படலையைச் சாத்தியிருப்பேன் என்று எழுதிய நான் யாரைக் கேட்கிறேன்?

மற்றவர்கள் பேசவில்லை. ஆனால் போகவும் இல்லை. மாலை ஆறு மணிக்கு யனுஷன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். மைக்கில் அந்தச் சொல்லைச் சொன்னவன் அவன்தானே. “அங்கிள், நான் இப்ப என்ன செய்யவேணும்?” என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் எல்லாருக்கும் சொன்னேன், உனக்கும் சொல்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, 31ஆம் திகதி பின்னேரம், நாங்கள் உன் வீட்டுக்கு வருகிறோம். கமிட்டி இல்லை, ஆட்டம் இல்லை. செத்தவீட்டுக்கு வருகிறோம். பாணும் சம்பலும் நாங்கள் கொண்டுவருவோம், வசந்தமலரை அடுப்பு மூட்ட விடாதே. உனக்குச் சம்மதமா என்று கேட்கவில்லை. செத்தவீட்டுக்கு யாரும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. கதவைத் திறக்காவிட்டால் வாசலில் இருந்துவிட்டுப் போகிறோம்.

பாலேந்திரா


பிளேஸ்டோ
03.09.2025

பாலேந்திரா அண்ணை,

கதவைத் திறப்பதில்லை என்றுதான் முடிவோடு இருந்தேன். நீங்கள் முடிவெடுத்தீர்கள், எனக்கு அறிவித்தீர்கள். என் அண்ணனுடைய செத்தவீட்டுக்கும் நீங்கள்தான் தலைவர். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

ஜதுர்ஷிகாதான் திறந்தாள்.

என் வரவேற்பறையில் ஆறு பேர் இருக்கலாம். நீங்கள் வந்தது பதினாறு பேர். மாடிப்படியில் இருந்தார்கள், குளியலறை வாசலில் இருந்தார்கள். சப்பாத்து நடைபாதைவரை போனது. பக்கத்து வீட்டுக் கிழவி எட்டிப் பார்த்து, யார் செத்தது என்று கேட்டா. என் அண்ணன் என்றேன். எப்போது என்று கேட்டா.

நீங்கள் பேசுவீர்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். நீங்கள் பேசவில்லை. அவனுடைய படத்துக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டிருந்தீர்கள். யனுஷன் பாண் வெட்டினான். போகும்போது ஒருவரும் ‘போயிட்டு வாறன்’ என்று சொல்லவில்லை. இங்கே பிறந்த பெடியள்கூடச் சொல்லவில்லை. செத்தவீட்டிலிருந்து அப்படித்தான் சொல்லாமல் எழும்பிப் போகவேண்டும் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும். அதற்கு நன்றி சொல்லமாட்டேன்.

உங்கள் மேல் கோபம் போகவில்லை. அதை வடிவாக விளங்கிக்கொள்ளுங்கள். பலகையை எழுதக் கொடுத்தவர் நீங்கள். பிள்ளைகள் கத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் திரும்ப உங்கள் வலப்பக்கம் வந்து நிற்பேனா என்று தெரியாது.

நேற்று அம்மாவோடு கதைத்தேன். எண்பத்தைந்து வயது. அந்த வீட்டில்தான் இன்னும் இருக்கிறா. காது கேட்காது, இரண்டு தடவை கத்திச் சொல்லவேண்டும். அண்ணனுக்காக ஆட்கள் வந்தார்கள் என்று சொன்னேன். நம்பவில்லை. “ஆர் வந்தவை?” என்றா. ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். ஒவ்வொருவரும் எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று கேட்டா. தெரிந்ததைச் சொன்னேன். உங்களைச் சொன்னபோது, “அவர் எங்கட பக்கத்து ஊரல்லோ. இப்பதான் வழி தெரிஞ்சுதோ?” என்றா. அதை உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று எழுதுகிறேன்.

பிறகு, “அவனுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்யேல்லை, தெரியுமோ?” என்றா. “செத்தவீட்டுக்கு ஒருத்தரும் வராத வீட்டில அந்தியேட்டிக்கு ஆரைக் கூப்பிடுறது எண்டு அப்பா விட்டிட்டார். அவை வந்த நாளில இருந்து எண்ணு. முப்பத்தோராம் நாள் எப்ப வருகுது?”

எண்ணினேன். செப்டெம்பர் 30, செவ்வாய்க்கிழமை.

செத்தவீட்டுக்கு வந்தவர்களை அந்தியேட்டிக்கு அழைக்காமல் விடக்கூடாதாம். வந்தவர் ஒருவரையும் விடாமல் நானே சொல்லவேண்டுமாம், வேறு ஆளிடம் சொல்லி அனுப்பக்கூடாதாம். அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டா. அதனால்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

கோபத்தோடுதான் அழைக்கிறேன் அண்ணை. காலமை பத்து மணிக்கு, என் வீட்டில். லீவு போட்டுவிட்டு வாருங்கோ.

கிருஷ்ணராசா
வாசுதேவனின் தம்பி